கும்பகோணத்தில் கல்யாணம்: வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முகூர்த்த நாட்களில் கும்பகோணம் நிரம்பி வழியும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வரும் சென்னை, கோவை, பெங்களூர் உறவினர்களும், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் நண்பர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாலும் பயன்படும்.

கல்யாணத்துக்கு நடுவில் ஊர் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் அது எந்த நேரம் என்று தெரிந்துகொண்டு திட்டம் போட வேண்டும். வழக்கமாக முதல் நாள் காலையிலோ மதியத்துக்குள்ளோ வந்து சேர்வீர்கள். மாலையில் நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு. மறுநாள் அதிகாலையிலோ காலை ஒன்பது மணிக்கு மேலோ முகூர்த்தம், பிறகு கல்யாணச் சாப்பாடு. ஆக, உங்களுக்குக் கிடைப்பது முதல் நாள் மதியமும், இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள நேரமும்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில்தான் கோயில்கள் நடை சாத்தியிருக்கும். பெரும்பாலான கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி நாலு மணிக்குத்தான் திறக்கும். இது தெரியாமல் ஒரு மணிக்கு வண்டி பிடித்து மூடிய கதவுகளின் முன்னால் காத்திருக்கும் குடும்பங்களை இங்கே அடிக்கடி பார்க்கலாம். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: மதியம் பட்டறைகளுக்குப் போங்கள், நாலு மணிக்கு மேல் கோயிலுக்குப் போங்கள்.

பட்டறைகள் என்றால்? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

மணமேடையை ஒருமுறை கவனியுங்கள். மணப்பெண் கட்டியிருக்கும் பட்டு, இரு பக்கமும் எரியும் குத்துவிளக்கு, தாலி கட்டும்போது கெட்டிமேளத்தோடு முழங்கும் நாதஸ்வரம், தாம்பூலத் தட்டில் இருக்கும் வெற்றிலை. இவற்றை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஆனால் இவை உருவாகும் இடங்கள் எல்லாம் மண்டபத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருப்பது கும்பகோணத்தில்தான். பட்டுக்குத் திருபுவனம், விளக்குக்கு நாச்சியார்கோயில், நாயனத்துக்கு நரசிங்கம்பேட்டை, வெற்றிலைக்குக் காவிரிக்கரைக் கொடிக்கால்கள், சாமி விக்கிரகத்துக்குச் சுவாமிமலை.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடங்கள் எனக்குத் தெரியாது. இன்னொரு வசதி, இவை வேலை நேரத்தில் திறந்திருக்கும் இடங்கள். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் அதுதான்.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்க்க முடியுமா?

முடியும். கும்பகோணத்துக்கு மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர். ஸ்தபதிகளின் பட்டறைகள் பல இருக்கின்றன. உள்ளே போகும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அன்போடு காட்டுவார்கள்.

முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவை அது. அளவெடுக்க டேப் கிடையாது. தென்னங்கீற்றிலிருந்து ஓலையை நறுக்கி, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்து முகம், மார்பு, இடுப்பு, முழங்கால் என்று பங்கு பிரிக்கிறார்கள். எத்தனை பெரிய சிலையானாலும் கணக்கு அந்த ஓலை மடிப்புக்குள் அடங்கிவிடும். பிறகு மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். விரல் நகம், ஆபரணத்தின் முத்து வரை அச்சுப் பதிவது அந்த வண்டலின் நுண்மையால்தான். மேலே இன்னும் சில மண் பூச்சுகள், கம்பிக் கட்டு. காய்ந்ததும் வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அப்புறம் உளியும் அரமுமாகச் செதுக்கு வேலை நாட்கணக்கில் நடக்கும். கண் திறப்பது கடைசியில்.

உலோகம் ஊற்றுவது எல்லா நாளும் நடக்காது. மெழுகு வேலையும் செதுக்கு வேலையும் எப்போது போனாலும் நடந்துகொண்டிருக்கும். அந்த மெழுகு வேலையே பார்க்கப் போதும் என்பது என் எண்ணம்.

பட்டறையை முடித்துக்கொண்டு நாலு மணிக்கு மேல் சுவாமிநாதசுவாமி கோயிலுக்குப் போகலாம். ஆறுபடை வீடுகளில் நான்காவது. தகப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன தலம். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகள் அறுபது என்பதற்கு ஏற்ப அறுபது படிகள்.

திருபுவனத்தில் பட்டு வாங்கத்தான் போகிறார்கள். பார்க்கவும் ஏதாவது உண்டா?

தறி உண்டு. மயிலாடுதுறை சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் போனால் திருபுவனம். சௌராஷ்டிர மொழி பேசும் நெசவுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும். கடைக்குள் நுழையும் முன் நெசவுத் தெருக்களில் கொஞ்சம் நடந்து பாருங்கள், தறிச் சத்தம் கேட்கும். ஒரு முகூர்த்தப் புடவை எத்தனை நாள் உழைப்பு என்று நெய்பவர் வாயால் கேட்ட பிறகு விலையைப் பற்றி உங்களுக்கு வேறு எண்ணம் வரும். கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைக் கூடமும் தனியார் கடைகளும் உண்டு. திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல்.

அதே ஊரில் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில் இருக்கிறது. சரபேசுவரர் சன்னதிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் மிகுந்திருக்கும்.

நாச்சியார்கோயில்?

தென்கிழக்கே பத்துக் கிலோமீட்டர் அளவில். அடி, தண்டு, எண்ணெய் நிற்கும் தட்டு, மேலே அன்னம் என்று ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வார்த்து, கடைந்து மெருகேற்றி, மரையிட்டு முறுக்கி ஒரே விளக்காக்குகிறார்கள். எடைக்கு விலை. கையில் தூக்கிப் பாருங்கள், கனம்தான் முதல் அடையாளம்.

இங்குள்ள பெருமாள் கோயிலில் கல் கருடன் விசேஷம். மார்கழியிலும் பங்குனியிலும் நடக்கும் கருட சேவையில் சன்னதியிலிருந்து நான்கு பேர் தூக்கிக் கிளம்புவார்கள். வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று தூக்குகிறவர்கள் தொகை கூடிக்கொண்டே போகும். கருடனின் பாரம் ஏறுகிறது என்பது நம்பிக்கை. உங்கள் பங்குனிக் கல்யாணம் அந்த நாளை ஒட்டி வந்தால் பயணத்தை ஒரு நாள் நீட்டியாவது பாருங்கள்.

நாதஸ்வரம் செய்வதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?

சங்கீதத்தில் ஈடுபாடு உள்ளவர் என்றால் கட்டாயம் போங்கள். நரசிங்கம்பேட்டை ஆடுதுறையைத் தாண்டி, மயிலாடுதுறை வழியில் இருக்கிறது. சில குடும்பங்கள் மட்டும்தான் இந்தத் தொழிலில் இருக்கின்றன. ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். புது மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் போன்ற, பல தலைமுறைக்குக் காய்ந்த மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். யாரோ ஒரு பாட்டி வீட்டுக் கூடத்தைத் தாங்கிய மரம் நாயனமாகி இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் ஒலிக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு மனம் நெகிழும்.

பக்கத்து ஊர்தான் திருவாவடுதுறை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்ட டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். முன்பு வழக்கில் இருந்த குட்டையான, சுருதி கூடிய திமிரிக்குப் பதிலாக நீளமான பாரி நாயனம் கச்சேரி மேடைக்கு வந்ததில் அவருக்கும் நரசிங்கம்பேட்டை ஆசாரிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மறுநாள் மண்டபத்தில் நாயனக்காரர் வாசிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் கேளுங்கள். அதுவே அந்தக் கலைக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால்?

தாராசுரம். யோசிக்கவே வேண்டாம்.

ஊரிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆட்டோவிலேயே போகலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்த்தால் அதன் உயரம் உங்களை நிறுத்தும். தாராசுரத்தில் அப்படி இல்லை. குனிந்தும் நிமிர்ந்தும் சுவர் ஓரமாக மெல்ல நடந்து பார்க்க வேண்டிய கோயில் இது.

முன்மண்டபம் சக்கரங்களும் பாயும் குதிரைகளும் பூட்டிய தேர் வடிவில் இருக்கிறது. அதன் தூண்களில் உள்ளங்கை அளவுக் கட்டங்களில் நாட்டியப் பெண்கள், தாளக்காரர்கள், புராணக் காட்சிகள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கத்தைக் கையால் மறைத்தால் ஒன்று, வலப்பக்கத்தை மறைத்தால் மற்றொன்று. பிள்ளைகளிடம் அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரைமணி நேரம் அவர்கள் உங்களைத் தேட மாட்டார்கள். கருவறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் கதைகள் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாக வரிசையாக வருகின்றன. பெரிய புராணம் படித்த வீட்டுப் பெரியவர் யாராவது கூட வந்தால் அவரை முன்னால் நடக்க விட்டு நீங்கள் பின்னால் போங்கள். நந்திக்கு அருகே பலிபீடத்துப் படிகள் தட்டினால் வெவ்வேறு சுரம் தருபவை. இப்போது கம்பி வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள், அதனால் பார்க்க மட்டும்தான் முடியும்.

மாலை நாலரைக்கு மேல் போங்கள். சாய்வெயில் சுவரில் விழும்போது சிற்பங்கள் துலங்கும். படம் எடுப்பதற்கும் அதுதான் நல்ல நேரம். கோயில் தரைமட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் மழைக்காலத்தில் முன்புறம் தண்ணீர் தேங்கும்.

வண்டி இல்லை. ஊருக்குள்ளேயே நடந்து என்ன பார்க்கலாம்?

நடக்கிறவர்களுக்கு நல்ல ஊர் இது. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் கோயில்கள்.

மகாமகக் குளத்தில் ஆரம்பியுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். கரையைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள், குளத்துக்குள் இருபது தீர்த்தக் கிணறுகள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாசியில் மகாமகம். 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. மற்ற நாட்களில் குளக்கரை அமைதியாக இருக்கும், காலை நடைக்கு ஏற்ற இடம்.

அங்கிருந்து கடைத்தெரு வழியாகச் சாரங்கபாணி கோயிலுக்கு வந்துவிடலாம். பதினொரு நிலை ராஜகோபுரம். கருவறையே தேர் போல இருக்கும், யானைகளும் குதிரைகளும் இழுக்கிற மாதிரி. உள்ளே போக உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு. ஆறு மாதம் இது, ஆறு மாதம் அது. பெருமாள் படுத்த நிலையிலிருந்து லேசாக எழும் கோலத்தில் இருக்கிறார். திருமழிசை ஆழ்வார் எழுந்து பேசச் சொல்லிக் கேட்டதற்காக எழத் தொடங்கியவர் என்பது இத்தலத்துக் கதை. நாதமுனிகள் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடிப் புறப்பட்டதற்குக் காரணமும் இந்தப் பெருமாள் மீதான பாசுரம்தான்.

கோயிலைப் பார்த்த சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. அவர் பிறந்தது 1887-இல் ஈரோட்டில் என்றாலும் பள்ளிப் படிப்பின் பெரும்பகுதி இங்கேதான், முதலில் கல்லூரியில் சேர்ந்ததும் இங்கேதான். தெருவைப் பார்த்த ஜன்னல், அதையொட்டி ஒரு கட்டில், ஒரு கூடம். அவ்வளவுதான் வீடு. இப்போது சாஸ்திரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. வீட்டில் கணக்குக்குப் பயப்படும் பிள்ளை யாராவது இருந்தால் கூட்டிப் போய் அந்தத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

இன்னும் நேரம் இருந்தால் கும்பேசுவரர் கோயிலுக்குள் போகும் வழியின் இரு பக்கமும் உள்ள கடைகளைப் பார்த்தபடி நடக்கலாம். சோழர் சிற்பத்தில் மனம் உள்ளவர்கள் நாகேசுவரர் கோயிலைத் தவறவிட வேண்டாம். கருவறைச் சுவர்களில் நிற்கும் முற்காலச் சோழர் உருவங்கள் மனிதர்களைப் பார்த்துச் செய்தவை போலவே இருக்கும்.

புதுமணத் தம்பதியை எங்கே கூட்டிப் போகலாம்?

ராமசாமி கோயிலுக்கு. ராமரும் சீதையும் பட்டாபிஷேகக் கோலத்தில் ஒரே ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்கள். லட்சுமணன், பரதன், சத்ருக்கனன் மூவரும் பக்கத்தில். ஆஞ்சநேயர் ஒரு கையில் வீணையும் ஒரு கையில் ராமாயணச் சுவடியுமாக இருக்கிறார். குடும்பம் முழுவதும் ஒன்றாக இருக்கும் அந்தக் காட்சி கல்யாணம் முடிந்த வீட்டுக்கு அவ்வளவு பொருத்தம். தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்துத் திருப்பணி. முன்மண்டபத் தூண்கள் ஒவ்வொன்றும் தனிச் சிற்பக்கூடம். வெளிப் பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுவதும் ஓவியமாக ஓடுகிறது. நடந்துகொண்டே கதை படிக்கலாம்.

ஒப்பிலியப்பன் கோயிலுக்கும் பலர் போகிறார்கள். பூமாதேவியை மணந்துகொண்ட பெருமாள். மாமனார் கேட்டுக்கொண்டபடி உப்பில்லாத நைவேத்தியத்தையே ஏற்கிறார் என்பது கதை. கோயில் பிரசாதத்தில் உப்பு இருக்காது. சாப்பிட்டுப் பாருங்கள், குறையாகத் தெரியாது.

பெரியவர்களால் அதிகம் நடக்க முடியாது. என்ன செய்யலாம்?

ஒரு வேளைக்கு ஒரு கோயில், அதுவும் சாயங்காலம். பகலில் கல் தரை கொதிக்கும். எத்தனை மணிக்குப் போனாலும் ஒரு ஜோடிக் காலுறை பையில் இருக்கட்டும். ஒப்பிலியப்பன் கோயில், பட்டீசுவரம் துர்க்கை சன்னதி இரண்டும் வண்டியில் பக்கத்திலேயே இறங்கிப் போய்வரக்கூடியவை. சுவாமிமலையில் படி ஏற வேண்டும்.

அறுபது, எண்பது நெருங்கும் தம்பதிகள் திருக்கடையூர் போக ஆசைப்படுவார்கள். மயிலாடுதுறை வழியாக அறுபது கிலோமீட்டருக்குள்தான். அதற்குக் கல்யாணத்தின் மறுநாளை ஒதுக்குங்கள். முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் எழுந்தவர்களை அன்றைக்கே வண்டியில் ஏற்ற வேண்டாம்.

நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். பலர் முடிக்கிறார்கள். அதற்கென்றே கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் பேருந்து விடுகிறது, முன்பதிவு செய்துகொள்ளலாம். ஆனாலும் கல்யாணக் களைப்போடு வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. திங்களூர் ஒரு கோடி, திருநள்ளாறு ஒரு கோடி. விடியலில் ஏறி இரவில் இறங்கும்போது எந்தச் சன்னதியில் என்ன பார்த்தோம் என்பதே மனதில் நிற்காது. பக்கத்தில் உள்ள திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி நான்கையும் நிதானமாகத் தரிசியுங்கள். சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் பக்கத்துப் பக்கத்து ஊர். திருநாகேசுவரத்தில் ராகுகால அபிஷேகத்தின்போது பால் நீலமாக மாறுவதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். மற்ற ஐந்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கூடுதலாக ஒரு முழு நாள் இருக்கிறது. எங்கே போகலாம்?

எல்லோரும் தஞ்சாவூர் என்பார்கள். பெரிய கோயிலைப் பார்த்திராதவர் என்றால் சரி, போங்கள். நாற்பது கிலோமீட்டர். 1010-இல் முதலாம் இராசராசன் முடித்த கோயில். அரண்மனை வளாகத்தில் உள்ள செப்புத் திருமேனிக் கூடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவாமிமலைப் பட்டறையைப் பார்த்த கண்ணோடு அந்த நடராசர்களைப் பார்ப்பது தனி அனுபவம். திரும்பும்போது திருவையாறு வழியாக வந்தால் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி. தை மாதத்தை ஒட்டி ஆராதனை நடக்கும்போது ஊரே பாட்டாக இருக்கும். பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வா அந்த ஊர்ச் சொத்து. சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

தஞ்சாவூர் ஏற்கெனவே பார்த்தவர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம். வடக்கே அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, முப்பத்தைந்து கிலோமீட்டர் போல. தகப்பன் கட்டியதற்கு மகன் முதலாம் இராசேந்திரன் சொன்ன பதில். அங்கே விமானம் நேர்கோடாக ஏறும், இங்கே வளைந்து ஏறும். வடபுற வாசல் அருகே சிவபெருமான் சண்டேசர் தலையில் தம் கையால் பூமாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. குனிந்த அந்த முகத்தின் பரிவும், கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அடியவரின் அடக்கமும் கல்லில் எப்படி வந்தன என்று ஒவ்வொரு முறையும் வியந்து நிற்கிறேன். கூட்டம் குறைவு. புல்வெளியில் குடும்பத்தோடு உட்காரலாம்.

குழந்தைகள் கோயில் கோயிலாக வர மறுக்கிறார்கள். கடல் பக்கத்தில் இருக்கிறதா?

தரங்கம்பாடி. சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ராமசாமி கோயிலுக்குத் திருப்பணி செய்த அதே ரகுநாதர்தான். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-இல் இங்கே வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்க் அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சிட்டார். தேவாலயங்களும் பழைய வீடுகளும் உள்ள ராஜ வீதி அமைதியான தெரு. அலை அரித்த மாசிலாமணி நாதர் கோயிலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். கடலில் கால் நனைக்கலாம், குளிக்க இறங்க வேண்டாம்.

சாப்பாடு?

மண்டபத்தில் மூன்று வேளையும் இலை போடுவார்கள். வெளியே சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொண்டு போனால் வீட்டுக்காரர்களுக்கு வருத்தமாக இருக்கும். அதனால் வெளியே இரண்டே இரண்டுக்கு இடம் வையுங்கள்.

ஒன்று காபி. புதுப் பாலில் தண்ணீர் சேர்க்காமல், அப்போது இறக்கிய டிகாஷனைக் கலந்து பித்தளை டபரா செட்டில் தருவது. நெடுஞ்சாலைக் கடைகளில் பெயர்ப்பலகையாக இருப்பதைக் குடித்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். ஊருக்குள் கோயில் வீதிகளில் காலை ஆறு மணிக்கு உள்ளூர்க்காரர்கள் நிற்கும் கடையில் குடியுங்கள்.

இரண்டாவது கடப்பா. உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் வெந்து குழைந்து, தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய் அரைத்துவிட்டது. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. இட்லிக்கு அதுபோல் துணை கிடையாது. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போட மாட்டார்கள். மாலையில் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு நண்பர்கள், வேறு மதத்தவர்கள் வருகிறார்கள். சங்கடம் இருக்குமா?

தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் இரண்டிலும் தாராளமாகச் சுற்றிப் பார்க்கலாம். மற்ற கோயில்களில் எதுவரை போகலாம் என்று கொடிமரத்தருகே அறிவிப்பு இருந்தால் அதை மதிக்கச் சொல்லுங்கள். பிராகாரத்திலேயே பார்க்க நிறைய உண்டு. வேட்டி, புடவை, சுடிதார் எதுவும் சரி. அரைக்கால் சட்டை வேண்டாம். நாகூர் தர்கா, வேளாங்கண்ணி இரண்டையும் ஒரே நாளில் காரில் பார்த்துத் திரும்பலாம்.

எப்படி வருவது, எங்கே தங்குவது?

சென்னையிலிருந்து பகலில் சோழன், இரவில் உழவன் ரயில்கள் உண்டு. விமானம் என்றால் திருச்சி, அங்கிருந்து காரில் இரண்டு இரண்டரை மணி நேரம். பெரிய முகூர்த்த நாளில் விடுதி அறையும் வாடகைக் காரும் கிடைப்பது கஷ்டம். பத்திரிகை கைக்கு வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். ஊருக்குள் சுற்ற ஆட்டோ போதும். சுவாமிமலை, திருபுவனம், நாச்சியார்கோயில் எல்லாவற்றுக்கும் டவுன் பஸ் உண்டு.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கலாம்?

விளக்கும் பட்டும் சொல்லிவிட்டேன். பித்தளைப் பாத்திரம், டபரா செட், சீவல் இவையும் இந்த ஊருக்குப் பேர் போனவை. கொழுந்து வெற்றிலையைக் கடைசியாக, வண்டி ஏறும் முன் வாங்குங்கள். அகத்தி மரத்தில் படர்ந்து காவிரி ஈரத்தில் வளரும் இலை, காரம் குறைவு, வாயில் போட்டால் கரையும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வீடு போய்ச் சேரும்வரை வாடாது.

எந்த மாதத்தில் கல்யாணம் என்பதால் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்த ஆண்டுகளில் ஆவணிக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பாக்கியசாலிகள். காவிரி ஓடும், பகவத் படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைக்கலாம், சுற்றிலும் வயல் பச்சை. தை மாதம் இதமான வெயில், அறுவடை. கோயில் சுற்ற அதுதான் சிறந்த காலம். சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணலாக இருக்கும், வெயிலும் கடுமை. காலை ஒன்பதுக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் மட்டும் வெளியே கிளம்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள். தாராசுரம் போவதை மழை விட்ட நாளுக்கு மாற்றிவையுங்கள், பட்டுப் புடவைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் குடையும் எடுத்து வாருங்கள்.